முன்கூட்டியே ஒரு வழியனுப்பு விழா

ஜூன் பதினெட்டாம் தேதி ஆட்டத்தில் ஒன்பதாம் எண் ஆட்டக்காரியின் இடது முட்டி போய்விடும் என்று எங்கள் கிளப் வாங்கி வைத்திருந்த கணிப்புப் பெட்டி சொல்லிவிட்டது. ஒன்பதாம் எண் நான்தான். எனவே பத்தாம் தேதியே கிளப் எனக்கு வழியனுப்பு விழா நடத்தியது. பதினொரு வருடம் கூடைப்பந்து ஆடியதற்குப் பொன்னாடையும் ஒரு சக்கர நாற்காலியும் கொடுத்தார்கள். போட்டோவுக்காக அதில் உட்காரவும் சொன்னார்கள். மேடைப் படிகளை நான் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தது யாருக்கும் உறுத்தவில்லை.

"முட்டி நல்லாத்தான் சார் இருக்கு. நம்ம கோர்ட்ல கூடைக்குக் கீழ தரையில ஒரு பலகை ஆடுது. மூணு வருஷமா சொல்றேன்" என்றேன், மேனேஜர் குருபரனிடம்.

"பலகையப் பத்திப் பெட்டி ஒண்ணும் சொல்லலயே எப்சிபா."

என் ஒன்பதாம் எண் சட்டையைப் பத்தொன்பது வயது தன்யஸ்ரீக்கு மாட்டிவிட்டார்கள்.

பதினெட்டாம் தேதி, ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அவள் பந்தோடு எம்பி அதே பலகையில் வந்து இறங்கினாள். அலறல் கேட்டதும் பார்வையாளர் தடுப்பைத் தாண்டி ஓடினேன். அவளுடைய இடது கால் எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

குருபரன் வந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"பாத்தியாம்மா! தேதி, நம்பர், கால், எல்லாம் அச்சு அசல். இந்தப் பெட்டியப் போயி சந்தேகப்பட்டியே!"

நான் தன்யஸ்ரீயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவரை முறைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சக்கர நாற்காலி உன் வீட்லதான இருக்கு? நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடு."