யார் பக்கம்?

"இப்ப ஹீரோ சுவர் ஏறிக் குதிச்சிட்டாரு. குடோனுக்குள்ள வந்துட்டாரு..."

"ஏம்மா, நாங்களும் படம் பாக்கத்தான் வந்திருக்கோம். கொஞ்சம் வாய மூடுங்களேன்!" பின்வரிசையில் ஒருவர் எரிந்து விழுந்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கணவரின் காதோடு காதாகத் தொடர்ந்தாள். வேறென்ன செய்வாள்? பேர்பெற்ற அந்த சினிமா விமர்சகருக்குப் பார்வை போய் ஒரு வருடம் ஆகிறது, எல்லாம் சர்க்கரை நோய் செய்த வேலை. அவள் பார்த்துச் சொல்வாள். வீட்டுக்குப் போனதும் அவர் சொல்லச் சொல்ல அவளே டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவாள். இது ஆசிரியருக்கும் தெரியாது, பெற்ற பிள்ளைக்கும் தெரியாது.

சண்டைப் படம் எடுப்பவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கிற மனிதர் அவர். எத்தனை கார் ஆகாயத்தில் பறந்தாலும் மசிய மாட்டார். படம் யார் பக்கம் நிற்கிறது, யார் அடி வாங்கினால் நம்மைக் கைதட்டச் சொல்கிறது, அதைத்தான் பார்ப்பார்.

மகனின் முதல் படத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'ஆயுதம் இல்லாதவனைச் சுடுகிறவனை வீரன் என்று கொண்டாடும் படம்' என்று கிழித்துத் தொங்கவிட்டார். கோபித்துக்கொண்டு போனவன் அதன்பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது ஓடுவது அவனுடைய இரண்டாவது படம். இதையும் கிழித்தால் அப்பாவை ஒரேயடியாகத் தலைமுழுகிவிடுவான் என்று அவள் காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி. போலீஸ் ஹீரோவும் அவன் தேடிவந்த ரவுடியும் நேருக்கு நேர் நின்றார்கள். வசனம் இல்லை, இசையும் நின்றுவிட்டது. இரும்பு ஏதோ 'டங்'கென்று தரையில் விழுந்தது. அடுத்து ஒரே ஒரு வேட்டு. தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது.

"என்ன ஆச்சு?" அவர் அவள் கையைப் பற்றினார்.

அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அந்த ரவுடிதாங்க முதல்ல சுட வந்தான். வேற வழியில்லாம ஹீரோ சுட்டுட்டாரு."

"அப்படியா?" என்றார்.

வீட்டைத் திறந்து, பூட்டை மேசைமேல் வைப்பதற்குள் மகன் ஃபோனில் வந்துவிட்டான்.

"அம்மா, அப்பா என்ன சொன்னாரு?"

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "பிடிச்சிருக்குடா."

"கடைசி சீனுக்குக்கூடவா ஒண்ணும் சொல்லல?"

"சொல்லலடா."

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேம்மா" என்றான். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. சந்தோஷம் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"'ஆயுதத்தோடு எதிரே வருகிறவனிடம் மட்டும்தான் இந்தக் கதாநாயகனின் துப்பாக்கி பேசுகிறது. இந்த இயக்குநர் வளர்ந்திருக்கிறார். அவருடைய அப்பாவாக இதை எழுதுவதில் எனக்குப் பெருமை.' அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்." 'பெருமை'யை மூன்று தடவை அழித்துத் திருத்த வேண்டியிருந்தது. "அனுப்பிடட்டுமாங்க? சாயங்காலம் பிள்ளை வர்றான்."

"வர்றானா?" அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மெல்ல வாடியது. "இரு, அனுப்பாத."

அவர் மேசையைத் தடவித் தடவி அந்த இரும்புப் பூட்டை எடுத்தார். கையை நீட்டி, அதைத் தரையில் நழுவவிட்டார்.

'டங்'.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கோபமே இல்லாமல் கேட்டார்.

"முதல்ல கீழ விழுந்துச்சே, அது யாரோட துப்பாக்கி?"