பேர் கொடுத்தது யார்?

கதவை உதைக்காத குறையாக எலிசியோ சலூனுக்குள் நுழைந்தான்.

"உனக்கு வெட்கமா இல்லையாடா ஒஸ்வால்டோ?"

கத்தரிக்கோல் பாதியில் நின்றது. சனிக்கிழமை காலை. ஹூஸ்டனில் இருக்கும் எல் சால்வடார்க்காரர்களில் பாதிப் பேர் ஒஸ்வால்டோவிடம்தான் முடி வெட்டிக்கொள்வார்கள். நாற்காலியில் ஒருவர், காத்திருப்பில் நான்கு பேர்.

"என்ன எலிசியோ? உள்ளே வா, தனியாப் பேசலாம்."

"தனியா எதுக்கு? எல்லாரும் கேக்கட்டும். நேத்து சுகாதாரத் துறையிலேர்ந்து எனக்குப் போன். என்னோட இருந்த யாருக்கோ எச்.ஐ.வி.யாம். அந்த ஆளு என் பேரைக் கொடுத்திருக்கானாம். யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். சொல்லித்தான் தெரியணுமா? வாரம் ஒருத்தனோட சுத்தறது இந்த ஊர்ல யாரு?"

இப்போதைய துணைவன் ஃபெர்மினோடு குடித்தனம் வைப்பதற்கு முன்னால் எலிசியோ ஒஸ்வால்டோவோடுதான் இருந்தான். பிரிந்து இரண்டு வருஷம். ஊருக்கே தெரியும்.

ஒஸ்வால்டோவின் முகம் வெளுத்தது. ஆனால் 'நான் இல்லை' என்று சொல்லவில்லை.

"நீ சோதனை பண்ணிக்கிட்டியா?" என்றுதான் கேட்டான்.

"பேச்சை மாத்தாதே! ஐயா, நீங்கள்லாம் இவன் கத்திக்குத்தான் கழுத்தைக் குடுக்கறீங்களா?"

நாற்காலியில் இருந்தவர் பாதி வெட்டிய தலையோடு எழுந்தார். துண்டை உதறிப் போட்டுவிட்டு வெளியேறினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

"திட்டி முடிச்சிட்டியா?" ஒஸ்வால்டோ கேட்டான். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னிக்கு ஒரு மணி வரைக்கும் இருப்பாங்க."

தெருவுக்கு வந்த பிறகுதான் எலிசியோவுக்கு உறைத்தது. ஒஸ்வால்டோவைச் சந்தி சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு தன்னையும் சேர்த்தல்லவா காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்! காது மடல் சுட்டது.

ஆஸ்பத்திரியில் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். பேரைக் கூப்பிட்டபோது தொப்பியைக் கழற்றாமலே எழுந்து போனான். நர்ஸும் சால்வடார்க்காரி. பேச்சிலேயே தெரிந்தது.

"கடைசியா எப்போ சோதிச்சுக்கிட்டீங்க?"

"இதுதான்... முதல் தடவை."

"முப்பத்திநாலு வயசுல?"

"யாராவது பார்த்துட்டா என்ன நினைப்பாங்கன்னு..."

அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். முடிவு வர இருபது நிமிஷம். எலிசியோவுக்கு அது இருபது வருஷம்.

"இப்போதைக்குத் தொற்று இல்லை. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வந்துடுங்க. வராமத் தடுக்க மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு. எழுதித் தரட்டுமா?"

"எனக்கு எதுக்கு? நான் அந்த மாதிரி ஆள் இல்லை."

"மாத்திரைக்கு அந்த மாதிரி, இந்த மாதிரியெல்லாம் தெரியாது சார்."

தலையைக் குனிந்துகொண்டு சீட்டை வாங்கிக்கொண்டான்.

வழி நெடுக ஒரே யோசனை. ஃபெர்மினிடம் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. போன் வந்ததையே அவனிடம் சொல்லவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். எச்.ஐ.வி. என்ற வார்த்தையைக் கேட்டாலே பதறிப்போவான். எல்லாம் அந்த ஒஸ்வால்டோவால் வந்த வினை!

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஊர் ரொட்டியான புபுசா ஆறிக் கிடந்தது. ஒன்றைக்கூட ஃபெர்மின் தொட்டிருக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம்.

மேஜையில் இருந்த ஃபெர்மினின் போன் அடித்தது. திரையில் ஒஸ்வால்டோவின் பெயர்.

எலிசியோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. என் வீட்டுக்கே போன் பண்ணுகிறானா? எடுத்துக் காதில் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மறுமுனை முந்திக்கொண்டது.

"ஃபெர்மின், நான்தான். சொல்றதை மட்டும் கேளு, அழாதே. எலிசியோ கடைக்கு வந்திருந்தான். பேர் கொடுத்தது நான்னு நினைச்சுட்டான். நானும் இல்லைன்னு சொல்லலை. சொல்லியிருந்தா அதே ஆத்திரத்தோட நேரா உங்கிட்டதான் வந்திருப்பான். நீ இப்ப இருக்கற நிலைமையில அதைத் தாங்க மாட்டே. உன் சோதனை முடிவு தெரிஞ்ச அன்னிக்கு ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அவனுக்குத் தெரிஞ்சா செத்துடுவேன்'னு நீ சொன்னது இன்னும் என் காதுலயே இருக்கு. திட்டறதையெல்லாம் இங்கேயே திட்டித் தீர்த்துட்டான். வீட்டுக்கு வர்றப்போ ஆறியிருப்பான். பேர் கொடுத்தது நீதான்னு இன்னிக்கே சொல்லிடு. பயப்படாதே. அவன் நல்லவன்டா, உன்னைக் கைவிட மாட்டான்."