ஓர் அட்டைக்கு ஒருவர்

விமானங்களுக்குள் துப்புரவு செய்யும் கஸ்தூரி கழுத்து அட்டையை நீட்டியதும் கதவு இரண்டாவது முறையாகச் சிவந்தது. 'ஓர் அட்டை, இரண்டு பேர்' என்றது. அந்தக் கதவு முகம் பார்ப்பதில்லை. வருகிறவர்களின் இதயத் துடிப்பை எண்ணித்தான் உள்ளே விடும். மூன்றாவது முறையும் சிவந்தால் அட்டை ரத்தாகும், வேலையும் போய்விடும்.

"யாரைடி ஒளிச்சு வெச்சிருக்க?" என்று காவலுக்கு நின்ற ரோஸ்லின் துப்புரவு வண்டியைக் குடைந்தாள்.

"என் வீட்டுக்காரரையா ஒளிச்சு வைப்பேன்? அவர்தான் உள்ள பெட்டி வண்டி ஓட்டிட்டு இருக்காரே. பூனை கீனை ஏறியிருக்கும், நல்லாப் பாருக்கா."

வண்டியில் பினாயிலும் துணிகளும்தான் இருந்தன. ரோஸ்லின் வண்டியை ஒதுக்கிவிட்டு, கஸ்தூரியை மட்டும் சோதனைக் கூண்டில் நிற்க வைத்தாள். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று நிதானமாக ஓடியது. மற்றொன்று குட்டிக் குட்டியாக, அவசர அவசரமாகத் துள்ளியது.

ரோஸ்லின் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்டி, தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"

கஸ்தூரி விரல்விட்டு வாரங்களை எண்ணினாள். மறு கைக்குப் போகும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் எண்ணுவதையே விட்டிருந்தாள்.

"அழாதடி, வேலையெல்லாம் போகாது. கூட வர்றவங்களுக்கும் ஒரு பாஸ் போட்டாப் போச்சு." ரோஸ்லின் விண்ணப்பத்தைத் திறந்தாள். "உறவு, பிள்ளை. சரி, பேரு?"

கஸ்தூரி கணவனைப் போனில் அழைத்தாள்.

"ஏங்க, வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. கேட்ல ஒருத்தருக்குப் பேரு கேக்குறாங்க. நீங்களும் இருந்தாத்தான் நான் சொல்லுவேன்."