இன்னும் ஒரே ஒரு சந்தேகம்

“ஐயா, இன்னும் ஒரே ஒரு சந்தேகம்” என்று வெல்டர் மறுபடியும் எழுந்ததும், ஊர் மேம்பாட்டுத் தொண்டர் குழுவின் செயலாளர் மூடிய பேனாவைத் திறந்தார்.

காலை பத்து மணிக்கு உட்கார்ந்த கூட்டம். இப்போது பன்னிரண்டே கால். சமுதாயக் கூடத்தில் ஓடிய ஒரே மின்விசிறி தலைவரின் தலைக்கு மேல் சுற்றியது. அதன் புண்ணியத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற உறுப்பினர்கள் பசியோடு விழித்திருந்தார்கள்.

பேச்சு, வாய்க்கால் மேல் போட வேண்டிய நடைபாலத்தைப் பற்றி. இது பதினொன்றாவது கூட்டம். முந்தைய பத்திலும் குழு சும்மா இருந்துவிடவில்லை. திட்டக் குழு, மேற்பார்வைக் குழு, திறப்பு விழாக் குழு என மூன்று போட்டாகிவிட்டது. கடப்பாரை பிடிக்க ஆள் கேட்டபோது மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாளைக் காலை வாய்க்காலில் தண்ணீர் திறக்கிறார்கள். அப்புறம் நாலு மாதத்துக்கு அக்கரையின் பதினாறு வீட்டாரும் ஆஸ்பத்திரிக்குப் பத்து கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டும். வெல்டரின் வீடு அக்கரையில். அவருடைய மகளுக்கு நிறைமாதம்.

வழக்கமாக அவர் கூட்டத்தில் பேசுவது இரண்டே வார்த்தை: “பாலம் எப்ப?” இன்றைக்கு ஆளே மாறியிருந்தார். வந்ததும் வராததுமாக, “நாங்களும் தொண்டு செய்யறோம்யா” என்று குழுவின் சாமான் அறைச் சாவியைக் கேட்டார். சங்கிலிக் கப்பி, வடக்கயிறு, கடப்பாரை எல்லாம் துருப்பிடிக்கிறதாம். அவர் மனைவி அக்கரை ஆட்களோடு வந்து துடைத்து எண்ணெய் போடுவாராம்.

வாங்கிய நாளிலிருந்து வேலை என்பதையே பார்த்தறியாத சாமான்கள் அவை. செயலாளர் பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்தார்.

அப்புறம் ஆரம்பித்ததுதான் சந்தேகம். பாலத்தின் கைப்பிடிக்குப் பச்சை பெயிண்ட்டா, நீலமா என்று கேட்டுவிட்டு வெல்டர் உட்கார்ந்துகொண்டார். பால்பண்ணைக்காரர் பச்சை என்றார், மருந்துக்கடைக்காரர் நீலம் என்றார். முக்கால் மணி நேரம் போயிற்று.

இப்போது மருந்துக்கடைக்காரர் சீறினார். “யோவ், இல்லாத பாலத்துக்கு இன்னும் என்னய்யா சந்தேகம்? வயிறு கத்துது!”

“பேச விடுங்க” என்றார் செயலாளர். “கூட்டம்னா என்னன்னு மனுஷன் இப்பத்தான் கத்துக்கறாரு. நீங்க கேளுங்க.”

“போன மாசம் நாங்க ரெண்டு பழைய கரண்ட் கம்பத்தை வாய்க்கால் குறுக்க போட்டோம். ஒருத்தர் கால் வைக்கறதுக்குள்ள ஆள் விட்டு எடுத்துட்டீங்க.”

“அனுமதி வாங்கினீங்களா? என் வீட்டு வாசல்ல நின்னா வாய்க்கால் முழுசும் தெரியும். என் கண்ணுக்குத் தப்பி அங்க ஒரு செங்கல் வைக்க முடியாது.”

“எங்க தப்புதான்யா. ஆனா, யாராவது ஒருத்தர் அதுல நடந்திருந்தா?”

செயலாளரின் முகம் மலர்ந்தது. தானே எழுதிய விதிப் புத்தகத்திலிருந்து ஒருவர் கேள்வி கேட்பது இதுவே முதல் தடவை.

“விதி பதினாலு! ‘மக்கள் பயன்பாட்டுக்கு வந்துவிட்ட எதையும் ஆண்டுப் பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் அகற்றக் கூடாது.’ ஒருத்தர் நடந்தாலும் பயன்பாடுதான்.”

“பொதுக்குழு எப்பங்கய்யா?”

“இந்த வருஷத்துது போன வாரம்தான் முடிஞ்சுது. இனி அடுத்த வருஷம்.”

“இதை இன்னைக்கே தீர்மானமா எழுதிக் கையெழுத்து போட்டுடலாமா? நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது பாருங்க.”

எழுதினார்கள். தலைவரை எழுப்பிக் கையெழுத்து வாங்கி, மறுபடியும் தூங்க விட்டார்கள்.

“அதெல்லாம் சரி, மகளை என்ன பண்ணப் போறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார் பால்பண்ணைக்காரர். “போன தடவை தண்ணி ஓடறப்ப உங்க தம்பி பொண்டாட்டிக்கு வழியில வண்டியிலயே குழந்தை பொறந்துடுச்சே.”

வெல்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அதான் குழு இருக்கே” என்றார்.

செயலாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி நாலு பேர் இருந்தால் ஊர் எங்கேயோ போய்விடும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தார். “சரி, சாப்பிடப் போகலாம்.”

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. வெல்டர் ஓடிப்போய் வாசலை மறித்தார்.

“ஐயா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. திறப்பு விழாவுல நாடா வெட்டப் போறது யாரு?”

எழுந்த எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைவரே விழித்துக்கொண்டார்.

அடுத்த முக்கால் மணி நேரம் அந்தக் கூடத்தில் யாருக்கும் பசிக்கவில்லை. கத்தரிக்கோல் தன் பரம்பரைச் சொத்து என்பதுபோல் தலைவர் முழங்கினார். மருந்துக்கடைக்காரர் ராஜினாமா செய்தார். பால்பண்ணைக்காரர் அதை உடனே ஏற்றுக்கொண்டார். வெல்டர் மட்டும் வாசற்படியை விட்டு நகரவில்லை.

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. பட்டறைச் சத்தத்தில் காது மந்தமாகிப் போனவர் அவர். எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில்தான் கேட்பார்.

மனைவியின் மூச்சிரைக்கும் குரல் கூடம் முழுவதும் கேட்டது:

“என்னங்க, நீங்க பட்டறையில செஞ்சு வெச்ச பாலத்தைத் தூக்கி வெச்சு கடைசி போல்ட்டும் முறுக்கியாச்சு, நம்ம பொண்ணு அதுமேல நடந்து இக்கரைக்கு வந்து நிக்கறா. போதும், அந்த மனுஷங்களைச் சாப்பிட விடுங்க!”