காரம் வேணாம்

"வாயைத் தொறந்து காட்டுங்கன்னா காட்ட மாட்டேங்கிறாரு டாக்டரம்மா. நீங்களே கேளுங்க."

உப்பளம் பல் கிளினிக்கின் சாய்வு நாற்காலியில் கணவர் கோவிந்தராசுவை அமுக்கி உட்காரவைத்தாள் கலைவாணி. வாயிலிருந்த பாக்கை மரியாதைக்காக வாசலிலேயே துப்பிவிட்டு வந்திருந்தாள்.

"ஆட்டோவுலகூட கையை வுடல டாக்டர், திருடனைப் புடிச்சாப்புல" என்றார் கோவிந்தராசு.

"சும்மா இருங்க. ஒரு மாசமா மீன்கொழம்புல காரம் வேணாங்கிறாரும்மா. வாய் எரியுதாம். இவருக்காவ நானும் அந்தச் சப்புக் கொழம்பத்தான் திங்கிறேன். பீச்சுல பானிபூரி வாங்கினா முழுசா வாயில போட முடியலியாம். ஒடச்சு ஒடச்சு எனக்கும் குடுத்து, தானும் திங்கிறாரு."

"புண் ஏதாவது?"

"இருக்குதாம். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறலன்னா டாக்டருகிட்ட காட்டணும்னு இவரே சொல்றாரு. ஆனா வர மாட்டாராம். இவரோட வேல செஞ்சவருக்குப் புத்துநோய்னு தாடையையே எடுத்துட்டாங்கம்மா. இவருக்கு ஏதாச்சும்னா நான்..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் சந்திரகலா விளக்கைத் திருப்பினார். கன்னம், நாக்கினடி, கழுத்து என்று நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"மூணு விரலைச் சேர்த்து, நெட்டுக்குத்தா வாயில விடுங்க."

தாராளமாகப் போயின.

"வாய் நல்லாத் தொறக்குது. புண்ணே இல்ல. சுத்தமா இருக்கு."

நிம்மதி வந்த வேகத்திலேயே கலைவாணிக்குக் கோபமும் வந்தது. "அப்ப இன்னாத்துக்குய்யா ஒரு மாசமா என்னை அழவச்ச?"

கோவிந்தராசு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சேதராப்பட்டு கம்பெனியில போட்ட பல் முகாம்லியே எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. உன்னை வான்னு கூப்ட்டா, உன் வாயில இருக்கிறது வெறும் சூட்டுப் புண்ணுன்னு பாக்கைப் போட்டுக்கினு வூட்டுலியே இருப்ப. எனக்குன்னாதானே ஓடியாருவ? காரம் தாங்காம மீனைத் தண்ணியில அலசித் தின்னது யாரு கலை? உக்காரு. இப்ப நீ விரலை வுடு."

"எனக்கின்னா கேடு?" என்று முனகியபடி கலைவாணி மூன்று விரலை உயர்த்தினாள்.

இரண்டாவது விரலே உள்ளே போகவில்லை.

"நேரத்தோட கூட்டிட்டு வந்தீங்க சார்" என்றார் டாக்டர், கோவிந்தராசுவைப் பார்த்து.