இடது கால்

நடிகர்கள் செய்ய வேண்டிய ஆபத்தான காரியத்தை, இயக்குநர் மிஸ் டெல்மர் முதலில் தானே செய்து காட்டுவார். அப்போது கேமராவில் ஃபிலிம் இருக்காது. கேமராமேன் ஆஸ்கர் வெறும் கைப்பிடியைச் சுற்றுவார். ஹாலிவுட்டில் வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை என்பது, ஃபிலிமை வெட்டி ஒட்டும் எட்னாவின் எண்ணம்.

செவ்வாய்க்கிழமை எட்னாவிடம் வந்த ஃபிலிம் டப்பாவில் ஒரு துண்டு அதிகமாக இருந்தது. அதில், ஆற்றுப் பாலத்தில் ரயில் ஓட, மிஸ் டெல்மர் ஒரு பெட்டியின் கூரையிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவினார். இடது கால் வழுக்கி ஆற்றில் விழுந்தார். மேலே வரவில்லை.

அந்தக் காட்சியைப் புதன்கிழமைதான் எடுப்பதாக இருந்தார்கள்.

"மேடம், நாளைக்கு நீங்க தாவாதீங்க," என்றாள் எட்னா.

"நான் தாவலைன்னா நடிக்கிற பொண்ணு யாரை நம்பித் தாவுவா?" மிஸ் டெல்மர் துண்டை வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை பார்த்தார். "இடது காலையா முதல்ல வெச்சேன்? மடச்சி!"

புதன்கிழமை வலது காலை வைத்துத் தாவினார். விழவில்லை.

"ஃபிலிம் இல்லாதப்பதான் மேடம் பிரமாதமா நடிக்கிறாங்க," என்றார் ஆஸ்கர். பிறகு நடிகையும் தாவினாள்.

"அந்தத் துண்டையும் படத்துல சேத்துடு, எட்னா. அப்படி விழ இன்னொருத்தி பொறந்துதான் வரணும்," என்றார் மிஸ் டெல்மர்.

எட்னா சேர்த்தாள். படம் திரையிட்ட முதல் நாள், அந்த இடம் வந்ததும் அரங்கமே அலறியது. எட்னாவின் பக்கத்து இருக்கையில் மிஸ் டெல்மர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். அவர் கோட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.