ஒரே ஒருத்தருக்கு விட்டால்

“சீதனமாக் குடுக்க ஊடு இல்லாம மாப்புள கேட்டு வந்திரிக்கியே நஸீறா, ஒனக்கே இது சரியாப் படுதா?”

ஹவ்வா உம்மா தணிந்த குரலில்தான் கேட்டாள். ஆனாலும் நஸீறாவுக்கு முகம் எரிந்தது. முந்தானையை இழுத்துத் தலையை இன்னும் மூடிக்கொண்டாள்.

“அடியோட இல்லாம இல்ல ராத்தா. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திட்டு. அவர் கண்ண மூடி மௌத்தானதோட அப்பிடியே நிண்டு போச்சு. கலியாணத்த முடிச்சுத் தந்தீங்க எண்டா, தறியில உழைச்சு மெல்ல மெல்லக் கட்டிருவன். ஒங்கட மூத்தவர் றிப்ஷான் தம்பியும் சம்மதம் எண்டு...”

“அவன் சொல்லுவான். அவனுக்கு ஒன்ட மகள் முப்லிஹாட முகம் மட்டும்தான் தெரியிது. கூரையில்லாத சுவருக்குள்ளயா பாய விரிக்கப் போறான்?”

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த கச்சி முகம்மது அசையவில்லை. ஹவ்வா உம்மாவின் கணவர்; மட்டக்களப்பு நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர்.

“எனக்கு இன்னும் ரெண்டு ஆம்புளப் புள்ள இரிக்கி. ஒனக்கு விட்டா, நாளைக்கு அவனுகளுக்குப் பொண்ணு தாறவங்களும் ‘மூத்தவனுக்கு ஊடு கேக்கல்லதானே’ எண்டு வந்து நிப்பாங்க. இஞ்சருங்க, கோட்டுல இதுக்கு என்னமோ சொல்லுவீங்களே?”

“முன்தீர்ப்பு,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. “ஒருத்தருக்குக் குடுத்த தீர்ப்பக் காட்டி, அதே நெலையில வாற மத்தவரும் கேக்கலாம்.”

“அதுதான். எங்கட குடும்பத்துல அப்பிடி ஒண்டு நடந்ததே இல்ல. இந்த ஊட்டப் பாரு, எங்க வாப்பா எனக்குத் தந்தது. இந்த மனிசன் ஒரு பெட்டியோட வந்து ஏறினவர்.”

ஹவ்வா உம்மா சிரித்தாள். கச்சி முகம்மதும் சிரித்தார்.

நஸீறாவுக்குப் பிறர் வீட்டு வாசலில் பிச்சைக்கு நின்றதுபோல் கூசியது. மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்தபடி எழுந்து நடந்தவளுக்கு வாசலில் கால் இடறியது.

“பாத்து, தங்கச்சி. அந்தப் படி ஒரு கல்லு உயரம். ஊட்டக் கட்டக்குள்ள நான் கவனிக்கல்ல,” என்றார் கச்சி முகம்மது.

ஹவ்வா உம்மாவின் சிரிப்பு நின்றது.

“ஹவ்வா,” என்றார் அவர், மெதுவாக. “முன்தீர்ப்பு ஒண்டு இரிக்கி. ஆருக்கிட்டயும் சொல்ல மாட்டன் எண்டு ஒன்ட வாப்பாட கையப் புடிச்சுச் சொன்னவன் நான். நீ சொல்லலாம்.”

ஹவ்வா உம்மா எழுந்து வாசலுக்கு வந்து நஸீறாவின் கையைப் பிடித்தாள்.

“உள்ள வா நஸீறா. கலியாண நாளப் பேசுவம்,” என்றாள், முகத்தைப் பார்க்காமல். “எங்க வாப்பாட்ட அப்ப ஒரு ஓலக் குடிசதான் இரிந்த. இந்த ஊட்டக் கட்டி, மாமனார் தந்த சீதனம் எண்டு ஊருக்குச் சொன்னது இந்த மனிசன்தான்.”